கதிரேசன் அண்ணனின் கறுத்த வெள்ளிக் காசுகள்

செய்தி வந்தபோது நான் ரொட்டிக் கல்லில் முட்டை உடைத்துக்கொண்டிருந்தேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துப் பக்கம் த்ரீவீல் ஓட்டும் செல்வம் கடை வாசலில் வந்து நின்று, "ராசண்ணே, வெள்ளிக்காரரு போயிட்டாரு" என்றான்.

நான் தலை நிமிரவில்லை. "எங்க போனாரு, பன்விலைக்கா? எந்தக் கிழவி முடிச்சுல காசு கிடக்குதோ, மோப்பம் புடிச்சிருப்பாரு" என்றேன்.

செல்வம் சிரிக்கவில்லை. என் பகிடிக்குச் சிரிக்காத ஆளே இல்லை அவன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். "காலையில குளிச்சிட்டு வந்து கதிரையில உக்காந்தாராம். அப்புறம் எழும்பல" என்றான். முட்டை கருகி நாற்றம் எடுத்தது. வாடிக்கைக்காரர் ஒருவர் அடுப்பை அணைத்தார். யார் என்று இன்றுவரை தெரியாது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நானும் எழுத வேண்டும் என்று பழங்காசு சேர்க்கும் நண்பர்கள் நீங்கள் எல்லாரும் வந்து கேட்டீர்கள். "ராசு எழுதினா நாலு பேர் சிரிக்கலாம்" என்றும் சொன்னீர்கள். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் நான் கோபத்தில் இருக்கிறேன். அதை மட்டும் திருத்த வேண்டாம். யார் மேல் கோபம் என்பதை வாசித்துக்கொண்டே வாருங்கள். எனக்கே நடுவில்தான் தெரிந்தது.

கதிரேசன் அண்ணன் கண்டி டவுனில் ஒரு வெள்ளிக் கடையில் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர். நம் கூட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக அந்தக் கடை வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். தோட்டங்களிலிருந்து வரும் நம் சனம் பிள்ளைக்கு அரைஞாண், கொலுசு செய்ய வேண்டுமென்றால் பழைய வெள்ளியைக் கொண்டுவந்து கொடுக்கும். உடைந்த மெட்டி, நெளிந்த காப்பு, அவற்றோடு ராசா தலை போட்ட பழைய வெள்ளி ரூபாய்களும் வரும். எல்லாம் ஒன்றாக உருகி, கொலுசாகத் திரும்பிப் போகும். உலைக்குப் போகும் காசைப் பார்த்தால் அண்ணனுக்குத் தாங்காது. எடைக்கு எடை வேறு வெள்ளியைத் தன் கைச் செலவில் வைத்துவிட்டு, காசை எடுத்துக்கொள்வார். கொலுசு கேட்டவர்களுக்குக் கொலுசு கிடைத்தது, காசும் பிழைத்தது. அப்படிப் பிழைத்த காசுகளைத்தான் மஹியாவையில் தன் வீட்டு அலுமாரியில் சேர்த்து வைத்தார்.

எனக்கும் அவருக்கும் பழக்கம் வந்ததும் ஒரு காசால்தான். என் அம்மா பன்விலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள். வளையம் வைத்துப் பற்றவைத்த ஒரு வெள்ளி ரூபாயைத் தாலிக் கயிற்றோடு சேர்த்துக் கழுத்தில் போட்டிருந்தாள். தினமும் மஞ்சள் தேய்த்துக் குளித்த உடம்பு. அந்த மஞ்சள் காசின் எழுத்துகளுக்குள்ளும் வளையத்தின் இடுக்கிலும் இறுகிப் போயிருந்தது. அப்பாவுக்கு முன்னாலேயே அவள் போய்ச் சேர்ந்தாள். என் அக்கா மகள் பெரியவளானபோது, பாட்டி காசை உருக்கிக் கொலுசு போடலாம் என்று வீட்டில் முடிவானது. நான்தான் கொண்டுபோனேன்.

அண்ணன் காசைத் தராசில் வைக்கவில்லை. விளிம்பில் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். "யார் போட்டிருந்தது?" என்றார்.

"எங்கம்மா."

"இந்த மஞ்சள்?"

"அவதான். வேற யாரு? ராசாவா மஞ்ச பூசிக் குளிச்சாரு?"

அவர் சிரித்தார். பிறகு, "தம்பி, வெள்ளியை எத்தனை தரமும் உருக்கலாம். உங்கம்மா விரல் பட்ட மஞ்சளை உருக்க முடியாது, அது எரிஞ்சுதான் போகும். இது என்கிட்ட இருக்கட்டும். நீ எப்ப வேணும்னாலும் வந்து பாரு" என்றார். என் அக்கா மகளுக்குக் கொலுசும் வந்தது. அம்மாவின் காசு மஹியாவைக்குப் போனது. தோட்டத்து லயக் குடியிருப்பில் எங்களிடம் அம்மாவின் படம் ஒன்றுகூட இருந்ததில்லை. அவளுடையது என்று உலகத்தில் மிஞ்சியது அந்த மஞ்சள்தான்.

வருஷா வருஷம் அவள் செத்த திதிக்குப் போய்ப் பார்ப்பேன். கோயிலுக்குப் போவதைவிடக் கஷ்டம். கடையை மூடிவிட்டுக் குளித்துச் சட்டை மாற்றிப் போக வேண்டும். வெங்காயம், முட்டை வாசனை இருந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார். முட்டை வெள்ளியைக் கறுக்க வைக்குமாம். "நான் என்ன, காசை ரொட்டிக்குள்ள வச்சுச் சுருட்டவா போறேன்?" என்பேன். "உன்ன நம்பலாம், உன் கையை நம்ப முடியாது" என்பார். கையைக் கழுவி, துடைத்து, இன்னொரு முறை துடைக்க வேண்டும். மேசையில் மடித்த துவாய் விரித்திருக்கும். தவறி விழுந்தாலும் காசுக்கு வலிக்கக் கூடாது. காசுக்கு மேலே பேசக் கூடாது, எச்சில் தெறிக்கும். என்னைப் பேசாமல் இருக்க வைத்த ஒரே மனிதர் அவர்தான்.

"விளிம்புல புடி. முகத்துல விரல் வச்சேன்னா, நீ செத்த பிறகும் உன் விரல் அதுல குடியிருக்கும்" என்பார்.

"எங்கம்மா விரல் குடியிருக்கலாம், நான் குடியிருக்கக் கூடாதாண்ணே?"

"உங்கம்மா வாடகை குடுத்தவங்க."

இப்படி நாங்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போது கமலம் அண்ணி தேத்தண்ணிக் கோப்பையோடு வாசற்படியில் வந்து நிற்பார். அண்ணனின் சம்சாரம். கோப்பையில் ஆவி பறக்கும். அவ்வளவுதான், சிரித்த முகம் மாறிவிடும். "ஆவிய உள்ள கொண்டு வராதேன்னு எத்தனை தரம் சொல்றது! அங்கேயே வச்சிட்டுப் போ!" அண்ணி வெளியே கிடந்த மர வாங்கில் கோப்பையை வைத்துவிட்டுப் போய்விடுவார். அலுமாரிச் சாவி அண்ணனின் இடுப்புக் கயிற்றில் இருக்கும். அது வேறு எங்கேயும் இருந்து நான் பார்த்ததில்லை.

ஈரம்தான் அவருடைய எதிரி. கண்டி மழை உங்களுக்குத் தெரியும். சுவரில் சாய்ந்தால் சட்டை நனைகிற ஊர். "பூட்டினா திருடன் வர மாட்டான். ஈரத்துக்குப் பூட்டு தெரியாது" என்பார். மடவளை ஹனீபா நானாவின் சப்பாத்து, செருப்புக் கடையில் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் சின்னப் பொட்டலம் ஒன்று வருமே, உள்ளே மணி மணியாக, ஈரத்தை உறிஞ்சுவது, அதைக் கெஞ்சி வாங்கிச் சேர்ப்பார். "சப்பாத்து வாங்குற ஆக்கள் அத வீசிட்டுப் போறாங்க. இந்த மனுசனுக்கு சப்பாத்து வாணாம், அதுதான் வேணும்" என்று நானா தலையில் அடித்துக்கொள்வார்.

அந்தப் பொட்டலங்கள் ஈரம் குடித்துக் குடித்து வயிறு நிறைந்ததும், சூட்டில் வைத்துக் காயவைக்க வேண்டும். அதற்கு அண்ணன் கண்டுபிடித்த இடம் என் ரொட்டிக் கல். ஞாயிற்றுக்கிழமை காலையில், நான் எண்ணெய் தொடுவதற்கு முன்னால், ஒரு பையோடு வந்து நிற்பார். இளஞ்சூட்டில் கல்லின் மேல் தாளை விரித்து, பொட்டலங்களைப் பரப்பி, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி புறங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எட்டிப் பார்த்து, "இது என்ன ரொட்டி முதலாளி?" என்பார்கள். "வெள்ளிக்காரர் ரொட்டி. கறி குடுக்க மாட்டோம், தண்ணியும் குடிக்கக் கூடாது" என்பேன். அண்ணன் கோபிக்க மாட்டார். கேட்டவரைப் பக்கத்தில் இழுத்து வைத்து விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுவார். மெல்லிய பிளாஸ்டிக் உறையில் ஏன் காசு போடக் கூடாது, அது ஏன் பச்சையாகப் பிசுபிசுக்கும். ரப்பர் வளையம் ஏன் ஆகாது. அலுமாரிப் பலகைக்கும் காசுக்கும் நடுவில் ஏன் தகரப் பெட்டி வேண்டும். அந்த ஆள் பஸ்ஸைத் தவறவிட்டு, அடுத்த பஸ்ஸையும் தவறவிட்டு நிற்பார்.

எவனுக்கென்றாலும் விளக்கம் கிடைக்கும். அதை நினைவில் வையுங்கள். பின்னால் வேண்டும்.

உங்களில் ஒருவர், பெயர் சொல்ல மாட்டேன், சிரிக்காதீர்கள், ஒரு முறை பற்பசை போட்டுத் துலக்கிய வெள்ளி ரூபாயைக் கூட்டத்துக்குப் பெருமையாகக் கொண்டுவந்தார். நிலாத் துண்டு மாதிரி இருந்தது. அண்ணன் அதைக் கையில் வாங்கவே இல்லை. அன்று நான் கட்டிக் கொடுத்த சோற்றுப் பார்சலையும் பிரிக்கவில்லை. வெகு நேரம் கழித்துத்தான் பேசினார். "கறுப்பு அழுக்கு இல்லைங்க. வெள்ளி இத்தனை காலம் காத்தோட பேசிப் பேசிப் போட்டுக்கிட்ட தோல் அது. நீங்க உரிச்சிட்டீங்க. இனி இது யாரு கையிலேயும் இருந்ததில்லை, எந்த வீட்டுலேயும் இருந்ததில்லை. நேத்துப் பிறந்த காசு." கொண்டுவந்தவர் அழாத குறை.

இனி பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறேன். நீங்களும் இருந்தீர்கள்.

நான் ரொட்டிச் சட்டியை இறக்கிவிட்டு உள்ளே போனேன். அண்ணனின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. படத்துக்கு முன்னால் பித்தளைத் தாம்பாளம், அதில் மல்லிகைப் பூ. பூவுக்கு நடுவில் கதிரேசன் அண்ணன் ஆயுசு முழுக்கச் சேர்த்த காசு அத்தனையும். அத்தனையும் வெள்ளை வெளேரென்று, குத்துவிளக்குச் சுடரில் பளபளவென்று. ஒன்றில்கூடக் கறுப்பு இல்லை.

பூவை விலக்கி வளையம் வைத்த காசைத் தேடினேன். கிடைத்தது. எழுத்துக்குள் பார்த்தேன், இடுக்கில் பார்த்தேன். மஞ்சள் இல்லை. கழுவி எடுத்த பல் மாதிரி இருந்தது.

நீங்கள் என்ன செய்தீர்கள்? வரிசையில் நின்று போனில் படம் எடுத்தீர்கள். "என்ன மினுக்கம்!" என்றீர்கள். பற்பசை போட்ட காசைப் பார்த்துச் சோறு இறங்காமல் போன மனிதரின் படத்துக்கு முன்னாலேயே சொன்னீர்கள். துக்க வீட்டில் வேறு என்ன சொல்வது என்று பிறகு என்னிடம் கேட்டீர்கள். ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாமே. நான் வாயைத் திறக்கப் போனேன். ஹனீபா நானா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "மௌத்து வீடு ராசு. சத்தம் போட வாணாம்" என்றார். அவர் கண்ணும் தாம்பாளத்தில்தான் இருந்தது.

கூட்டம் சாப்பிட உட்கார்ந்ததும் குசினிக்குப் போனேன். கமலம் அண்ணி தனியாக நின்று அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. பதினாறு நாளில் முதல் தடவையாக மலர்ந்திருக்கும்.

"பாத்தீங்களா தம்பி தாம்பாளத்த? நானேதான். விளக்கு, செம்பு எல்லாம் தேய்ச்சேன் காரியத்துக்கு. அவரு சாமான் மட்டும் கறுத்துப்போய்க் கிடக்குதே, துக்க வீட்டுல இப்படி இருக்கலாமான்னு அதையும் எடுத்து வச்சேன். புளியும் உப்பும் போட்டு ஊறவச்சு, திருநீறு வச்சுத் தேய்ச்சேன். ஒருத்தரையும் தொட விடல."

அண்ணி அடுத்த அப்பளத்தை எண்ணெயில் போட்டார்.

"அந்த வளையம் வச்சது ஒண்ணுதான் பாடாப் படுத்திருச்சு. ஏதோ மஞ்சக் கறை, போவேனாங்குது. பல்லு விளக்குற பிரஷ்ஷ எடுத்துக் குந்தி உக்காந்து தேய்ச்சேன். விரல்லாம் பாருங்க." காட்டினார். விரல் நுனிகள் புளியில் வெந்து தோல் உரிந்திருந்தன.

"அந்த மஞ்சள் எங்கம்மாவோடது அண்ணி" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன். பிறகு நிறுத்த முடியவில்லை. "அந்தக் கறுப்பு அழுக்கு இல்ல. அதைத் தொடக் கூடாதுன்னுதான் அண்ணன் ஆயுசு பூரா காவல் இருந்தாரு. இந்த ஊருக்கே தெரியும். அவரு வீட்டுல இருந்துக்கிட்டு உங்களுக்குத் தெரியாதா?"

அண்ணி சட்டியை இறக்கி வைத்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"எனக்கு யாரு சொன்னா?" என்றார். "சொல்லுங்க தம்பி, யாரு சொன்னா? கல்யாணம் கட்டி வந்த நாள்ல இருந்து அந்தச் சாவி அவரு இடுப்புல. தொடாதே, கிட்ட வராதே, ஆவிய கொண்டு வராதே. ஏன்னு ஒரு நாள் சொன்னாரா? நீங்க வருஷா வருஷம் குளிச்சிட்டு வந்து குனிஞ்சு என்னமோ பாத்துட்டுப் போவீங்க. அது உங்கம்மா காசுன்னு எனக்கு யாரு சொன்னா? பஸ்ஸுக்கு நிக்கிறவனைக் கூப்பிட்டுச் சொல்லுவாராம், இப்ப வந்தவங்க எல்லாரும் பெருமையாச் சொல்றாங்க. நான் அந்த வாங்குல தேத்தண்ணி வச்சிட்டுப் போனவ. சாவிய அவரு இடுப்புல இருந்து நான்தான் அவுத்தேன், குளிப்பாட்டுறப்ப. இருந்தப்ப தொட விடல, போன பிறகாவது அவருக்கு நம்ம கையால ஒண்ணு செய்வோம்னு..."

அப்பளம் ஒன்று எண்ணெயில் கிடந்து கறுத்தது. இருவருமே எடுக்கவில்லை.

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. கூடத்துக்கு வந்து படத்துக்கு முன்னால் நின்றேன். நான் அழுவதாக நினைத்து நீங்கள் வழிவிட்டீர்கள். நான் அழவில்லை, திட்டினேன். "சந்தோசமாய்யா? காத்து தெரியும், ஈரம் தெரியும், முட்டை தெரியும். கூட இருந்த மனுசி தெரியலையா? ரொட்டிக்காரனுக்குச் சொன்னியே, அவங்களுக்குச் சொல்ல உனக்கு வாய் வரலையா? எங்கம்மாவைக் காப்பாத்துறேன்னு வாங்கி வச்சிட்டு, கடைசியில இப்படிப் பிரஷ்ஷுக்குக் குடுத்துட்டியே!" அவரை நான் ஒருமையில் பேசியது அன்றுதான். படத்தில் அவர் வழக்கம்போலக் காசைப் பார்க்கிற பார்வையில் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே என் கோபம் அவர் மேல்தான். உங்கள் மேலும் கொஞ்சம். இந்த மலருக்கு நீங்கள் எழுதியதையெல்லாம் அச்சுக்குப் போகுமுன் எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். பொறுமையின் வடிவம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எல்லாரோடும் தம் அறிவைப் பகிர்ந்தவர் என்று இன்னொருவர். அண்ணியிடம் கேட்டீர்களா? நீங்களும் புளி போட்டு ஊறவைத்து அவரைத் தேய்த்துவிட்டீர்கள். அவர் நல்ல மனிதர். எங்கள் சனத்தின் கழுத்திலும் முடிச்சிலும் இருந்ததை உலையிலிருந்து பிடுங்கி எடுத்தவர். பொண்டாட்டியை வாசற்படிக்கு வெளியே நிறுத்தியவரும் அவர்தான். இரண்டும் அவர் மேல் இருக்கட்டும். அவருடைய கறுப்பை அவருக்கே விடுங்கள்.

காரியம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, கல் சூடேறிக்கொண்டிருந்தது. பழக்கதோஷத்தில் எண்ணெய் தொடாமல் நின்றுகொண்டிருந்தேன். மஹியாவைப் பக்கமிருந்து வந்த பஸ்ஸிலிருந்து கமலம் அண்ணி இறங்கினார். கையில் அண்ணனின் பை.

"ஞாயித்துக்கிழமை இதைத் தூக்கிட்டு எங்கயோ போவாரு. எங்கேன்னு நானாகிட்டக் கேட்டுக்கிட்டேன்" என்றார். "இதுக்கா இவ்வளவு வருசமா? நான் என்னமோ ஏதோன்னு நினைச்சிருந்தேன்."

"என்ன நினைச்சீங்க அண்ணி? சின்ன வீடுன்னா?"

"உங்க மூஞ்சிக்குச் சின்ன வீடு வேற." சிரித்துவிட்டார். பிறகு தாளை விரித்துப் பொட்டலங்களைப் பரப்பினார். "பதம் எப்படித் தெரியும்?"

புறங்கையால் தொட்டுக் காட்டினேன். அவரும் தொட்டார். "சரி, அடுத்தது என்ன, சொல்லுங்க. ஒண்ணு விடாமச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். பிளாஸ்டிக், ரப்பர், தகரப் பெட்டி, எச்சில், ஆவி, எல்லாம். அவர் ஒவ்வொன்றுக்கும் "அட பாவி மனுசா" என்று தலையாட்டினார். என்னையல்ல, அண்ணனை.

கிளம்பும்போது சேலைத் தலைப்பில் முடிந்திருந்த ஒரு கடதாசி உறையை எடுத்தார். உள்ளேயிருந்த காசை எடுத்து நீட்டினார். விளிம்பில்தான் பிடித்திருந்தார். "உங்கம்மாவோடது. நீங்களே வச்சுக்குங்க தம்பி. என் கண்ணால அதைப் பாக்க முடியல."

வாங்க ஆசைதான். ஆனால் சுற்றிலும் முட்டையும் வெங்காயமும் எண்ணெய்ப் புகையும். "இங்க வேணாம் அண்ணி. உங்க அலுமாரியிலயே இருக்கட்டும். நான் திதிக்கு வாறேன்" என்றேன்.

"வாங்க. தேத்தண்ணி உள்ளதான் தருவேன்."

"ஆவி..."

"ஆற வச்சுத் தருவேன், போங்க."

இப்போது சாவி அண்ணியின் கழுத்துச் சங்கிலியில் இருக்கிறது. கதிரேசன் அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இரண்டு. ஞாயிறு காலையில் எண்ணெய் தொடாமல் காத்திருக்கும் கல் ஒன்று. இந்தக் கோபம் இன்னொன்று. அதையும் விளிம்பில்தான் பிடித்திருக்கிறேன், தேய்க்கிற எண்ணமில்லை.

நேற்று அண்ணி கடைக்கே போன் எடுத்தார். குரல் ஒரு மாதிரி இருந்தது. "தம்பி, உங்கம்மா காசு... வளையத்துக்கிட்ட லேசா மஞ்சளாத் திரும்புது" என்றார்.

எனக்குத் தெரியும். கறுக்கத் தொடங்கும் வெள்ளி முதலில் மஞ்சளாகத்தான் திரும்பும் என்று பஸ்ஸுக்கு நின்ற எத்தனையோ பேருக்கு அண்ணன் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது புளி தோலுரித்த வெள்ளியில் கண்டி மழை செய்யும் வேலை. என் அம்மாவின் மஞ்சள் அல்ல. அது சாக்கடையோடு போய்விட்டது. அண்ணியிடம் அதையும் உள்ளபடியே சொன்னேன். அந்த வீட்டில் சொல்லாமல் விட்டது போதும்.

"தொடாதீங்க அண்ணி" என்றேன்.

"தொடுவேனா?" என்றார்.